கீழே ஐந்து புள்ளிகள்

நான்கு வருடங்களுக்கு முன்னால் என் பிறந்தநாளன்று மகள் ஒரு கடிதம் எழுதித் தந்தாள். அப்போது அவளுக்கு 16 வயது. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒற்றைத் தாள், இரண்டு பக்கமும் நெருக்கி எழுதியிருந்தாள். நான் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தேன். கையில் பென்சில் இருந்தது, எப்போதும் இருக்கும். படித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது. கண்கள் தாளிலேயே இருந்தன. நானும் குனிந்து பார்த்தேன். ‘உனக்கு நன்றி சொல்லி கொள்கிறேன்’ என்ற வரியில், இரண்டு சொற்களுக்கும் நடுவே ஒரு சிறு கூரைக் குறி போட்டு, மேலே ‘க்’ எழுதியிருந்தேன். ஓரத்தில் ஒரு கோடும் இழுத்திருந்தேன். எப்போது செய்தேன் என்று எனக்கே தெரியாது.

“பரவாயில்லம்மா, ஒரு தப்புதானே” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

நான் பிழைதிருத்துநர். 31 வருடமாக இதுதான் பிழைப்பு. (பிழைத்திருப்பதே பிழையால்தான் என்று என் கணவர் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். இந்தச் சிலேடையை உங்களுக்கு முன்பே ஆயிரம் பேர் சொல்லிவிட்டார்கள் என்று நானும் வாரம் ஒருமுறை சொல்வேன்.) விட்டுப்போன ஒற்று, இடம் மாறிய கால், ‘ல’ வரவேண்டிய இடத்தில் ‘ள’, ஒரு பக்கத்தில் ‘கருப்பு’ அடுத்த பக்கத்தில் ‘கறுப்பு’. இவற்றைப் பிடிப்பதற்குத்தான் கூலி. ஒரு பக்கத்தில் சரியாக இருக்கும் 250 சொற்களை நான் பார்ப்பதே இல்லை என்று சொல்லலாம். தப்பாக இருக்கும் ஒன்றுக்காகத்தான் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

தாளில் இது நல்ல குணம். தாளை மூடிவிட்டு எழுந்த பிறகும் கூடவே வந்தால்தான் தொல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் போவது கோணலாகத் தொங்கும் படத்துக்கு. ஒருவர் பேசினால் அவர் சொன்ன செய்தியைவிட அவர் விழுங்கிய எழுத்து காதில் நிற்கும். தோழி புதுவீட்டைச் சுற்றிக் காட்டினாள். “நன்றாக இருக்கிறது” என்று நான் சொல்வதற்குள் ஜன்னல் சட்டத்தில் சாயம் விட்டுப்போன இடத்தை என் விரல் தடவிக்கொண்டிருந்தது. நிம்மதியாக வாழ்வது எப்படி என்று யாராவது எழுதினால் ‘குறை காணாதே’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். குறை காண்பதற்கே சம்பளம் வாங்குகிற ஒருத்தி அந்த வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வரியிலும் ஒரு ஒற்று விட்டுப்போயிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

கடிதம் நடந்த அந்த இரவில் ஒரு பழைய விஷயம் ஞாபகத்துக்கு வந்தது. வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம். ஒரு கவிதைத் தொகுப்பு என் கைக்கு வந்தது. அதில் ஒரு வரி, ‘நிழல் காய்ந்தது’. நிழல் எப்படிக் காயும்? ‘ழ’வுக்கும் ‘ல’வுக்கும் தகராறு அன்றாடம் பார்ப்பதுதான், கூடவே கடைசி எழுத்தும் மாறியிருக்கிறது என்று நினைத்து ‘நிலம் காய்ந்தது’ என்று திருத்திவிட்டேன். அப்படியே அச்சாகிவிட்டது. கவிஞர் வந்தார். சத்தம் போடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்துவிட்டு, “நிலம் காயறது எல்லாருக்கும் தெரியும்மா” என்றார். அவ்வளவுதான். அவர் போன பிறகு, எங்கள் பிரிவில் மூத்தவரான ஒருவர், நாங்கள் எல்லோரும் ஐயா என்று கூப்பிடுவோம், நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “தப்புன்னு தெரிஞ்சா திருத்து. சந்தேகம்னா ஓரத்துல கேள்விக்குறி போடு, எழுதினவர் பதில் சொல்லட்டும். உனக்குப் பிடிக்கலைங்கிறதுக்காகத் தொட்டிருந்தா, கீழே புள்ளி வை.”

கீழே புள்ளி வைப்பது என்பது அச்சுத் தொழிலில் ஒரு குறி. ஒரு சொல்லை அடித்துத் திருத்திய பிறகு, முன்பு இருந்ததே சரி என்று தோன்றினால், அடித்த சொல்லின் கீழே வரிசையாகப் புள்ளிகள் வைத்து ஓரத்தில் ‘ஸ்டெட்’ என்று எழுதுவார்கள். லத்தீன் சொல், ‘நிற்கட்டும்’ என்று பொருள். நாங்கள் ‘இருக்கட்டும்’ என்று தமிழிலேயே எழுதிவிடுவோம். திருத்தற்குறிகளிலேயே எனக்குக் கொஞ்சம் கூச்சம் தருகிற குறி அதுதான். மற்ற எல்லாக் குறியும் வேறொருவர் தப்பைச் சொல்லும். இது என் தப்பைச் சொல்லும்.

கடிதத்துக்கு அப்புறம் நான் தொடங்கிய முதல் பழக்கம் இதுதான். இரவு படுக்கும் முன், மூக்குக் கண்ணாடியைக் கழற்றியதும், ஒரு சிறு துண்டுத் தாளில் அன்றைக்கு நான் திருத்திய, அல்லது திருத்த வேண்டும் என்று கை துறுதுறுத்த ஒரு விஷயத்தை எழுதுவேன். அதன் கீழே ஐந்து புள்ளி. ஓரத்தில் ‘இருக்கட்டும்’. பழைய மெய்ப்புத் தாள்களின் (பிழை பார்ப்பதற்காக அச்சிட்டுத் தருகிற தாள்கள்) பின்பக்கத்தை விரல் நீளத்துக்கு வெட்டிக் கண்ணாடிக் கூட்டிலேயே வைத்திருக்கிறேன், ஒரு துண்டுப் பென்சிலும் அதிலேயே. சில தாள்களில் எழுதியிருப்பது இது: ‘மேல் வீட்டில் ராத்திரி நாற்காலி இழுக்கும் சத்தம்.’ ‘மகள் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டது.’ ‘ஒலிப்பதிவில் என் குரல்.’ ‘இடது முழங்கால்.’ மூன்று நாள் தொடர்ந்து ‘இடது முழங்கால்’ என்றே எழுதியிருக்கிறேன். நான்காம் நாள் மருத்துவரிடம் போனேன். அது இருக்கட்டும் என்று விடுகிற விஷயம் இல்லை என்பது எழுதி எழுதித்தான் தெரிந்தது.

கண்ணாடியைக் கழற்றும் நேரத்தோடு இதைக் கட்டிப்போட்டதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். அதற்கு முன் நான் எடுத்துக்கொண்ட தீர்மானங்கள் எல்லாம் ‘தினமும்’ என்று ஆரம்பிக்கும். தினமும் என்றால் எப்போது? பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் அறிஞர் 1990களில் இதைத்தான் ஆராய்ந்தார். ‘இன்னது செய்வேன்’ என்று மொட்டையாக முடிவெடுப்பவர்களைவிட, ‘இன்ன நேரத்தில், இன்னது நடந்ததும், இதைச் செய்வேன்’ என்று முடிவெடுப்பவர்கள் அதைச் செய்துமுடிப்பது அதிகம் என்று கண்டார். நான் கண்ணாடியைக் கழற்றாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஆகவே துண்டுத்தாளும் தப்பவில்லை.

தப்பியவை நிறைய. ஐந்து மணிக்கு எழுந்திருப்பது பதினோரு நாள் நடந்தது. அந்தப் பதினோரு நாளும் மாலை ஏழு மணிக்கு மேல் என்னோடு யாரும் பேச முடியவில்லை என்று வீட்டில் சொன்னார்கள். தியானத்துக்கு ஒரு ஃபோன் செயலி போட்டேன். அது நாள் கணக்கு வைக்கும், தொடர்ந்து செய்தால் ஒரு தீச்சுடர் படம் காட்டும். 19ஆம் நாள் காய்ச்சல். சுடர் அணைந்து கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், கரைக்கு இரண்டு நாள் முன்பு மூழ்கிவிட்ட மாதிரி ஒரு துக்கம். அதோடு விட்டுவிட்டேன்.

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப்பார்த்தேன். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்று ஓர் அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் எழுதினார். ‘ஆவது’ என்ற விகுதி போகிற வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. ஒரு விகுதி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு என் தொழிலில் இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் அவர் குழுவினரும் 96 பேரை 12 வாரம் கவனித்து, ஒரு செயல் தானாக நடக்கிற அளவுக்குப் பழக எத்தனை நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். சராசரி 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை போகிறது. ஆய்வே 84 நாள்தான் நடந்தது, அதனால் அந்த 254 கணக்குப் போட்டு நீட்டிப் பார்த்த எண். சரி, எனக்குப் பிடித்தது இந்த எண்கள் கிடையாது. ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் பெரிதாகக் கெட்டுவிடுவதில்லை என்றும் அதில் கண்டார்கள். அதைப் படித்தபோது அந்தத் தீச்சுடர் மேல் கோபம் வந்தது. காய்ச்சலோடு படுத்திருந்தவளை ஒரு படம் தோற்கடித்திருக்கிறது.

துண்டுத்தாளுக்குப் பின்பக்கம் ஒன்று உண்டு. நாளைக்குச் செய்யவேண்டியதை அதில் எழுதுவேன். இதுவும் தொழிலிலிருந்து வந்ததுதான். மெய்ப்பு பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு சந்தேகம் வந்தால் அதை மனதில் தூக்கிக்கொண்டே அடுத்த பக்கம் போகக்கூடாது. உடனே ஓரத்தில் எழுதிவிட வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் அடுத்த பக்கத்தில் இரண்டு பிழை கண்ணில் படாமல் போகும். முடியாத வேலை மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியல் அறிஞர் 1927இலேயே எழுதியிருக்கிறார். அவர் கண்ட விளைவு பின்னால் வந்த எல்லாச் சோதனைகளிலும் அப்படியே கிடைத்துவிடவில்லை. ஆனாலும் இரவு இரண்டு மணிக்கு ‘அந்தக் கடிதத்துக்குப் பதில் போடலையே’ என்று விழித்துக்கொள்பவர்களுக்கு அவர் சொல்வது புரியும். 2018இல் மைக்கேல் ஸ்கல்லின் என்பவரின் குழு 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்கவைத்துப் பார்த்தது. படுக்கும் முன் பாதிப் பேர் ஐந்து நிமிடம் இனிமேல் செய்யவேண்டியதை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்ததை எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. எனக்கு இது நேர்மாறாக இருக்கும் என்றுதான் தோன்றியிருந்தது, முடித்ததை எழுதினால்தானே நிம்மதி என்று. ‘வங்கிக்குப் போகணும்’ என்று எழுதுவதைவிட ‘காலை பத்தரைக்கு, கையெழுத்து மாற்றும் படிவம், பழைய பாஸ்புக் எடுத்துக்கொண்டு’ என்று எழுதினால் என் மண்டை அதை நம்பி விட்டுவிடுகிறது. மொட்டையாக எழுதினால் நம்புவதில்லை.

நன்றி எழுதும் பழக்கம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் நான் கொஞ்ச நாள் பொய் எழுதினேன். தினமும் மூன்று நல்ல விஷயம் எழுத வேண்டும் என்று ஒருவர் சொல்லி ஆரம்பித்தேன். முதல் வாரம் உற்சாகம். மூன்றாம் வாரத்தில் புரட்டிப் பார்த்தால், ‘காற்று, வெளிச்சம், உடல்நலம்’ என்று ஒவ்வொரு நாளும் ஒரே வரி, புத்தகத்தில் பக்கத் தலைப்பு மாதிரி. பக்கத் தலைப்பை யாரும் படிப்பதில்லை. பிழைதிருத்துநர்கள்கூடப் படிப்பதில்லை, அதனால்தான் பெரிய பிழைகள் அங்கேயே ஒளிந்திருக்கும். ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் செய்த ஆய்வில் ஒரு பகுதியினர் எழுதியது வாரத்துக்கு ஒருமுறைதான், பத்து வாரம். நன்றிக்குரியதை எழுதியவர்கள், அன்றாடத் தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லபடியாக உணர்ந்தார்கள். பிறகு சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு, வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குக் கிடைக்காத பலன் வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குக் கிடைத்ததாகக் கண்டது. நானும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். விதி ஒன்றே ஒன்றுதான்: இன்னொரு வாரத்தில் எழுத முடியாத ஒன்றாக இருக்க வேண்டும். ‘உடல்நலம்’ கூடாது. ‘செவ்வாய்க்கிழமை பேருந்தில் முன்பின் தெரியாத பையன் என் பையை மடியில் வாங்கிக்கொண்டது’ என்றால் சரி.

இப்போது கண்ணைப் பற்றி. என்னிடம் கேட்டால் திருப்திக்கும் கண்ணுக்கும்தான் அதிகத் தொடர்பு என்பேன்.

படிக்கும்போது நம் கண் வரியில் வழுக்கிக்கொண்டு போவதாக நினைக்கிறோம். அப்படிப் போவதில்லை, தாவித் தாவிப் போகிறது. ஓர் இடத்தில் கால் நொடி அளவுக்கு நிற்கும், அடுத்த இடத்துக்குத் தாவும். நின்ற இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள்தான் கூர்மையாகத் தெரியும். நடுவில் உள்ளதை மூளை, இதுவாகத்தான் இருக்கும் என்று தானே நிரப்பிவிடும். ஒரு நூலை நான்காம் முறை பார்க்கிறபோது பிழை தெரியாது என்று ஐயா சொல்வார். தெரிந்த நூலை யாரும் படிப்பதில்லை, ஞாபகத்திலிருந்து சொல்லிக்கொள்கிறார்கள். அதற்காக நாங்கள் செய்கிற தந்திரம் இரண்டு. வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து மறைத்துக்கொண்டு, கண் முன்னே ஓடாமல் ஒவ்வொரு வரியாக இறக்குவது ஒன்று. கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கிப் பார்ப்பது இன்னொன்று.

வீடும் தெருவும் மனிதர்களும் நாம் நான்காம் முறை பார்க்கிற நூல்கள்தானே. கிடைத்தது எதுவும் சீக்கிரமே பழகிப் பழசாகிவிடும் என்பதை ஃபிலிப் பிரிக்மன் ஆராய்ந்தார். 1978இல் அவரும் இரண்டு சகாக்களும் லாட்டரியில் பெரும் பரிசு வென்ற 22 பேரிடம் பேசினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை. அதுகூடப் பரவாயில்லை, நண்பரோடு பேசுவது, பத்திரிகை படிப்பது, ஒரு ஜோக்கைக் கேட்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் மற்றவர்களைவிடக் குறைவு. 22 பேர் என்பது சின்னக் கூட்டம், அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஜோக்குக்குச் சிரிக்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அன்றைக்கு யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னோக்கிப் பார்க்கும் தந்திரத்தைத் தெருவில் செய்துபார்த்தேன். மாலை நடைக்கு நான் போகிற சுற்று ஒன்று உண்டு, 40 நிமிடம், வருடக்கணக்காக ஒரே திசை. ஒரு நாள் எதிர்ப்பக்கமாகப் போனேன். திருப்பத்தில் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் புறாக்கூண்டு. எட்டு வருடமாக என் முதுகுக்குப் பின்னால் இருந்திருக்கிறது. இப்போது ஒற்றைத் தேதிகளில் ஒரு திசை, இரட்டைத் தேதிகளில் மறு திசை. 31ஆம் தேதிக்கு அடுத்து 1ஆம் தேதி வந்தால் இரண்டு நாள் ஒரே திசையாகிவிடுகிறது. அது என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது. கீழே புள்ளி.

அட்டை வைக்கும் தந்திரம் பாத்திரம் கழுவும்போது. பாத்திரம் கழுவுகிற என் கைகள் சமையலறையில் இருக்கும், மண்டை எங்கேயோ இருக்கும். பெரும்பாலும் யாருடனோ முடிந்துபோன சண்டையை மறுபடி போட்டு, இந்தத் தடவை ஜெயித்துக்கொண்டிருக்கும். மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் 2,250 பேரிடம் ஃபோன் செயலி வழியாக, சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது கேட்டுப் பார்த்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், என்ன நினைக்கிறீர்கள், எப்படி இருக்கிறீர்கள். 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. இனிமையான ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, செய்கிற வேலையிலேயே மனம் இருந்தவர்களைவிட மகிழ்ச்சியாக இல்லை. இதை நம்ப எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, பகல்கனவில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஆகவே எல்லா வேலைக்கும் அட்டை வைப்பதில்லை. கடைசி மூன்று பாத்திரத்துக்கு மட்டும். அந்த மூன்றையும், ஒவ்வொரு வரியாக அட்டையை இறக்குகிற மாதிரி, ஒன்று முடிந்து அடுத்தது என்று கழுவுவேன். மற்றவற்றைக் கழுவும்போது சண்டையில் ஜெயித்துக்கொள்கிறேன்.

என் அம்மாவிடம்தான் இதெல்லாம் நிஜமாக வேலைக்கு வந்தது. அம்மாவுக்கு 81 வயது, அண்ணன் வீட்டில் இருக்கிறார். நான் ஃபோன் செய்தால் ஒரே கதையைச் சொல்வார். சின்ன வயதில் அவர் ஆற்றைக் கடந்து பள்ளிக்கூடம் போன கதை. முன்பெல்லாம் இரண்டாவது வாக்கியத்திலேயே “ஆமாம்மா, சொல்லியிருக்கே” என்று வெட்டிவிடுவேன். அவரும் “ஓ, சொல்லிட்டேனா” என்று நிறுத்திவிடுவார். பிறகு இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இருக்காது, மருந்து சாப்பிட்டாயா என்பதைத் தவிர. ஒரு நாள் ஃபோனை வைத்துவிட்டு மேசையில் பார்த்தால், மூன்றாம் மெய்ப்பு காத்துக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் எழுதிய 300 பக்கத்தைக் கூலிக்காக மூன்று தடவை வரி விடாமல் படிக்கிறேன். அம்மாவின் ஐந்து நிமிடக் கதையை இரண்டாம் தடவை கேட்க முடியவில்லை.

அடுத்த முறை கேட்டேன், மெய்ப்பு பார்க்கிற காதோடு. அதற்கு அடுத்த முறையும். அப்போதுதான் தெரிந்தது, கதை ஒன்று இல்லை. ஒரு தடவை ஆற்றில் இடுப்பளவு தண்ணீர், இன்னொரு தடவை முழங்கால். ஒரு தடவை கூட வந்தது அவருடைய அக்கா, வேறொரு தடவை தனியாக. பழைய சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதம் என்பார்களே, ஒரே பாட்டு ஒரு சுவடியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருப்பது. உ.வே.சாமிநாதையர் ஒரு நூலுக்காக ஊர் ஊராகப் போய்ச் சுவடி தேடிச் சேர்த்து ஒப்பிட்டுப் பார்த்தது அதற்குத்தான். எனக்கு அலைச்சலே இல்லை, சுவடி தானாக ஃபோனில் வருகிறது. எது சரி என்று கேட்க வாய் வந்தது. ஓரத்தில் கேள்விக்குறி போடு என்ற ஐயா ஞாபகத்துக்கு வந்தார். “அக்கா உன்னோட எதுவரைக்கும் வருவாங்க?” என்று கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அக்காவைப் பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் தனியாகத்தான் போனேன் என்றார். இரண்டு பாடமும் சரி. 50 வருடமாக எனக்குத் தெரியாத ஒன்றை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அந்தப் பெரியம்மா ஏன் எங்களுக்கெல்லாம் புத்தகமாகவே வாங்கித் தருவார் என்பதும் விளங்கியது.

கேள்விக்குறி எப்போதும் இப்படிப் பொக்கிஷம் எடுத்துத் தராது, அதையும் சொல்லிவிட வேண்டும். என் கணவர் மாடிப்படி விளக்கை அணைப்பதே இல்லை. 20 வருடமாக நான் அணைத்துக்கொண்டே முணுமுணுத்திருக்கிறேன். புதிய ஞானத்தோடு ஒரு நாள் அமைதியாகக் கேட்டேன்: “அந்த விளக்கை நீங்க விட்டு வைக்கிறதுக்கு ஏதாவது காரணம் இருக்கா?” அவர் யோசித்தார். நானும் ஆவலாகக் காத்திருந்தேன். “இல்லையே, மறந்துடறேன்” என்றார். எழுத்தாளர்களிடமிருந்தும் பாதிக் கேள்விகளுக்கு இந்தப் பதில்தான் வரும்: தட்டச்சுப் பிழைங்க, மாத்திக்குங்க. விளக்கை இப்போதும் நான்தான் அணைக்கிறேன். முணுமுணுப்பு மட்டும் போய்விட்டது, அதுவும் முழுசாக இல்லை.

ஃபோனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கிறேன், எழுந்திருக்க ஒரு சாதா அலாரக் கடிகாரம். இதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், சொல்வது சரிதான்.

புள்ளி வைப்பதில் நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன். ஒரு பதிப்பகம் எனக்கு மூன்று புத்தகத்துக்குக் கூலி பாக்கி வைத்திருந்தது. அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஏழு மாதம். இந்தப் பழக்கத்தில் ஊறியிருந்த நேரம் அது. நானும் நல்ல பிள்ளையாக ‘கூலி பாக்கி’ என்று எழுதி, கீழே ஐந்து புள்ளி வைத்து, இருக்கட்டும் என்று தூங்கிவிட்டேன். நன்றாகவும் தூங்கினேன், அதுதான் கொடுமை. போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்பதை எனக்குக் கடன்பட்டவர்கள்தான் அதிகம் விரும்புவார்கள் என்று மகள்தான் கேலி செய்தாள். பெட்டியில் இருந்த துண்டுத்தாள்களை எடுத்து அடுக்கிப் பார்த்தோம். அந்த வார்த்தை ஒன்பது தாளில் இருந்தது. முழங்காலைப் போலத்தான். திரும்பத் திரும்ப வருகிற ஒன்றுக்குப் புள்ளி வைக்கக்கூடாது என்று அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். மூன்று தடவை ஒரே விஷயம் வந்தால் அது தாளின் பின்பக்கத்துக்கு, நாளைக்குச் செய்யவேண்டியதற்குப் போகும். விவரமாக. அந்தப் பதிப்பகத்துக்குத் தேதி, பக்கக் கணக்கு எல்லாம் போட்டுக் கடிதம் எழுதினேன். பாதிப் பணம் வந்தது. மீதிக்கு இரண்டாவது கடிதம் போயிருக்கிறது.

போன மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அலமாரியைச் சுத்தம் செய்யும்போது அவளுடைய பழைய கடிதம் கிடைத்தது. என் குறி அப்படியே இருந்தது. பென்சில்தான், அழித்துவிடலாம். அழிப்பானைக் கையில் எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். நான் போட்ட ‘க்’கை ஒரு கோடு போட்டு அடித்தேன். ‘சொல்லி கொள்கிறேன்’ என்பதன் கீழே ஐந்து புள்ளி வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

அவள் தாளை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். “அப்போ அந்த இடத்துல க் வராதாம்மா?”

“வரும்” என்றேன்.